படுத்த ராஜாவுக்கு அழ வந்தவள்

1

என் மகள் கயல்விழி போன குளிர்காலத்தில் ஒரு சினிமா வில்லனுக்காகத் தன் வகுப்பு முழுவதையும் எதிர்த்துச் சண்டை போட்டாள். அங்கே ஆரம்பித்த சண்டை, கள்ளக்குறிச்சிப் பக்கம் வடக்கனந்தல் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில், என் அண்ணி வீட்டு நெல் மூட்டையில் போய் முடிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று நம்ம நாட்டில் இருக்கிற உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நான் நர்ஸ். அயர்லாந்தில் கார்க் என்கிற ஊரில் வேலை. வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. கயல் அப்போது இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. இப்போது என்னைவிட உயரம், என்னைவிட வாய். எங்கள் வீட்டுக்காரர் முருகேசன் ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலைக்குப் போவார். கயலின் பாஸ்போர்ட்டில் அவர் பேர்தான் குடும்பப் பேராக ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இவளை "மிஸ் முருகேசன்" என்று கூப்பிடுவார்கள். ஊரில் அண்ணனிடம் சொன்னபோது, "அப்போ உன் புருசனை இன்னான்னு கூப்புடுவானுங்க, மிஸ்டர் அவங்கப்பனா?" என்று கேட்டுச் சிரித்தான். ஆமாம், அப்படியேதான். வங்கியில், ஆஸ்பத்திரியில், இமிகிரேஷன் ஆபீஸில் எங்கே போனாலும் அவருக்கு என் மாமனார் பேர்தான். செத்துப்போன மனுஷன் பேருக்கு மாசாமாசம் கரண்ட் பில் வருகிறது. எழுதிப் போட்டேன், போனில் கத்தினேன், அப்புறம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கரண்ட் வருகிறது இல்லையா, அது போதும்.

கயல் பேசுகிற தமிழ் அச்சு அசல் என் தமிழ். வூடு, இன்னா, போய்க்கினு என்றுதான் வரும், கார்க் ஊர் இழுவையோடு. சென்னைக்காரத் தோழி ஒருத்தி, "குழந்தைக்கு நல்ல தமிழ் சொல்லிக்குடுங்க" என்றாள். இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாதும்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

2

இங்கே சினிமாவையும் பாடமாக வைக்கிறார்கள். நான் படிக்கும்போது கள்ளக்குறிச்சியில் மேட்னி ஷோ போனதற்கு முட்டி போட வைத்தார்கள். இங்கே படம் பார்க்காவிட்டால் மார்க் இல்லை. காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்.

கயலுக்கு வந்தது ஒரு சூப்பர் ஹீரோ படம். ஆப்பிரிக்க ராஜ குடும்பத்துக் கதை. அதில் இருக்கிற இலக்கிய சமாச்சாரங்களைப் பற்றி வகுப்பில் நின்று பேச வேண்டும். கதை நடக்கிற இடம் என்ன சொல்கிறது, எந்தப் பொருள் எதற்கு அடையாளம், இரண்டு பாத்திரங்களை ஏன் எதிரும் புதிருமாக வைத்திருக்கிறார்கள், மொத்தத்தில் கதையின் உள்ளே ஓடுவது என்ன. சோபாவில் அவளோடு நானும் உட்கார்ந்தேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே பார்த்துவிடலாம் என்று நினைப்பு.

கதை இதுதான். மேகம் மூடிய மலைகளுக்குள் ஒரு ராஜ்யம். வெளியாள் கண்ணுக்கே படாது. ராஜ வம்சத்தில் குழந்தை பிறந்தால் அந்த மலையில் எடுத்த செம்பில் ஒரு வளையம் செய்து கையில் போடுவார்கள். வளையம் இருந்தால்தான் அந்த மூட்டத்தைத் தாண்டி உள்ளே வர முடியும். இளவயசு ராணி ஒருத்தி. வளையத்தைத் தட்டினால் பறப்பாள், பாறையைப் பிளப்பாள். அவளுக்கு ஒரு பங்காளி, சித்தப்பா மகன். சித்தப்பா ஏதோ குற்றம் செய்தார் என்று குடும்பத்தோடு நாடு கடத்திவிட்டார்கள். எல்லையில் ஒரு காவல்காரன், அப்பன் இடுப்பில் இருந்த அந்தக் குழந்தையின் கையிலிருந்தும் வளையத்தைக் கழட்டிக்கொள்கிறான். குழந்தை என்ன செய்தது பாவம்? அது ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி வளர்கிறது. பெரியவனானதும் இரும்பில் தானே ஒரு வளையம் அடித்துப் போட்டுக்கொண்டு, எப்படியோ மூட்டத்தைக் கடந்து, சிம்மாசனம் எனக்குத்தான் என்று வந்து நிற்கிறது. ராணியும் அவனும் கயிற்றுப் பாலத்தின் மேல் சண்டை. அவன் செத்துப்போகிறான். ராணி பறக்கிறாள். படம் முடிந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எல்லையில் வளையத்தைக் கழட்டுகிற இடம் வந்ததும் கயல் படத்தை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இதை எனக்கு நம்மூர்ல பண்ணாங்க."

மடித்துக்கொண்டிருந்த துண்டு என் கையிலேயே இருந்தது. எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது.

3

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடியில் தீமிதித் திருவிழா. முதல் நாள் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு, மணிக்கட்டில். கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிகிற வரை ராத்திரி வேற ஊரில் தங்கக் கூடாது. எல்லையைத் தாண்டித் தூங்கினால் அம்மனுக்கு ஆகாது. கள்ளக்குறிச்சியில் கோர்ட்டு வாய்தா இருந்தாலும் சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

மூணு வருஷம் முன்னால் போனபோது, ஊர்ப் பெண்பிள்ளைகளோடு ஓடிப்போய் கயலும் காப்பு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தேன். திருவிழா முடிவதற்கு நாலு நாள் முன்னாலேயே எங்களுக்கு விமானம். ஆஸ்பத்திரியில் அவ்வளவுதான் லீவு கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற முட்டாள்தனம் இது. அம்மன் காலண்டரைப் பார்க்காமல் ஏர்லைன்ஸ் காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடுவது.

கிளம்புகிற அன்றைக்கு ஊரே கூடிவிட்டது. போகக் கூடாது என்று ஒரு கட்சி, அம்மனுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு கட்சி. பூசாரிக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போதுதான் என் அண்ணி அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் செல்வராசுவின் மனைவி. வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"விருந்தாளிப் புள்ளைக்கு எதுக்குங்க காப்பு? அவுத்து வுடுங்க, போவட்டும். நேரமாவுது அதுக்கு."

அண்ணி கெட்டதாகச் சொல்லவில்லை. எங்களுக்கு வழி செய்து கொடுக்கத்தான் சொன்னாள். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். எல்லைக் கல் பக்கத்தில் கார் நின்றது. பூசாரி கற்பூரம் கொளுத்தி, கயிற்றை அறுத்து, வேப்பமரத்தில் கட்டிவிட்டார். கயல் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். சென்னை வரைக்கும் அந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். விமானம் ஏறியபிறகு, "நான் இனிமே அங்க வரமாட்டேன்" என்றாள்.

பிள்ளைக் கோபம், ஒரு மாசத்தில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த வருஷம் நான் தனியாகப் போய் வந்தேன். அதற்கடுத்த வருஷம் போகவே இல்லை. எனக்கு எல்லாவற்றையும் சமாளிக்கத் தெரியும். இந்த ஊர்க் குளிர், நைட் ட்யூட்டி, மாமனார் பேரில் வரும் கரண்ட் பில், எதுவும் என்னை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் என் மகளுக்கு என் ஊர் வேண்டாம் என்பது மட்டும் எனக்குத் தாங்கவில்லை. எனக்குப் பிறகு அந்த வீட்டுப் படியில் உரிமையோடு கால் வைக்க ஒருத்தி வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

4

வகுப்பில் சண்டை எதற்கு என்றால், மற்ற பிள்ளைகள் எல்லாம் அவன் வில்லன், அவ்வளவுதான் என்றார்களாம். இவள் மட்டும், "அவன் கேட்ட கேள்வி சரி. கேட்ட விதம்தான் தப்பு" என்று நின்றிருக்கிறாள். ராணிக்கும் அவனுக்கும் வித்தியாசமே இல்லை, ஒருத்தியை உள்ளே வைத்தார்கள், ஒருத்தனை வெளியே வைத்தார்கள், அவளை வெளியே வைத்திருந்தால் அவள் வில்லி ஆகியிருப்பாள், எதிரும் புதிருமாக வைத்திருப்பதே அதற்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள். மூட்டம் வெறும் மூட்டமில்லை, நல்லவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட திரை என்றாளாம். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அப்படியானால் இந்தக் கதையில் என்ன குறைகிறது?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவர், "பாட்டு கம்மி" என்றாராம்.

என்னோடு வேலை செய்கிறவள் ஃபன்மி, நைஜீரியாக்காரி. டீ குடிக்கும்போது அவளிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். "எங்க ஊர்ல ராஜாக்கள் நிறைய. ஒருத்தரும் பறக்க மாட்டார். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பார்" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அந்தப் பையனைப் பாலத்துக்குக் கீழே அப்படியே விட்டுவிட்டார்கள். அழ ஒரு ஆள் இல்லை. ராஜ வீட்டுப் பிணம் இல்லையா அது?" என்றாள்.

அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கயலிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் பளிச்சென்று ஒன்று வெளிச்சமானது.

"நம்மூர்ல அப்படி வுட மாட்டோம்டி" என்றேன்.

"இன்னா பண்ணுவீங்க?"

அவள் பார்த்ததே இல்லை. அந்தத் தடவைதான் முடிவதற்கு நாலு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டோமே. அன்றைக்குத்தான் அவளுக்குப் படுகளத்தைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்குத் தெரியும். பங்காளிச் சண்டைக் கதை, தினம் கூத்து, கடைசி நாள் காலையில் தோற்ற ராஜாவைக் களிமண்ணில் செய்து வயல்வெளியில் மல்லாக்கப் படுக்க வைப்பது. ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்கு அகல மார்பு, கோழி முட்டையில் கண்ணு, பெரிய மீசை. எங்கள் ஊரில் திருவிழா முடிகிற வரை அந்த ராஜாவின் பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். படுத்த ராஜா என்றுதான் சொல்வோம். தொடையில் குங்குமத் தண்ணீர்ச் சட்டியைப் புதைத்து வைத்திருப்பார்கள். கூத்தில் ஜெயிக்கிறவன் வேஷம் கட்டியவர் அதில் அடித்ததும் சிவப்பாகப் பீறிடும். அவன் செத்துவிட்டான். அதுவரை விரித்துப் போட்டிருந்த கூந்தலை அம்மன் முடிந்துகொள்வாள். அவ்வளவு நேரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

"வில்லனுக்கா?"

"ஆமாம், வில்லனுக்குத்தான்."

"ஏன்?"

"தப்பு பண்ணவன்தான். ஆனா வூட்டுப் புள்ளையாச்சே. அழ ஆள் வேணாமா?"

அடுத்த வாரம் வகுப்பில் போய் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். இந்தக் கதையில் குறைவது ஒரு ஒப்பாரி, எங்கள் அம்மா ஊரில் இதை எப்படி முடிப்பது என்று தெரியும் என்று. டீச்சர் கேட்டாராம், நீ பார்த்திருக்கிறாயா? இல்லை என்று சொல்ல அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"இந்த ஆடிக்கு நானும் வரேம்மா. படுகளத்தை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நேராகப் போய், லீவு கொடுத்தால் இருக்கிறேன், கொடுக்காவிட்டால் வேற வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொடுத்தார்கள். இந்தத் தடவை டிக்கெட்டை அம்மன் காலண்டர்படிதான் போட்டேன்.

5

நானும் கயலும் மட்டும் போய் இறங்கினோம். மழை வருகிற மாதிரி இருந்தது. கல்வராயன் மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. "அந்தப் படத்து மலை மாதிரியே இருக்குதும்மா" என்று ஆட்டோவில் இருந்து எட்டிப் பார்த்தாள் கயல். "மேல ஜனங்க இருக்காங்க. பஸ்ஸு போவுது. சந்தைக்கு இறங்கி வந்து பேரம் பேசினா உங்கப்பன் தோத்துருவாரு" என்றேன்.

அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாடி இப்படி எளைச்சிட்ட? அங்க சோறே போட மாட்டானுங்களா?" கயலைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "வாம்மா. உக்காரும்மா. ஃபேனைப் போடட்டுமா?" உள்ளே போய் பரணில் இருந்த நல்ல தட்டை எடுத்துக் கழுவி, அவளுக்கு முதலில் சோறு போட்டாள். எனக்கும் அண்ணனுக்கும் வழக்கமான தட்டு, ஓரம் நசுங்கியது. கயல் என்னைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் நல்ல தட்டும்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களும் இப்படித்தான். ஃபிரிட்ஜைத் திறக்க இவள் அனுமதி கேட்பாள். வேலை எதுவும் செய்ய விடாமல், "நீ உக்காரும்மா" என்று அண்ணி சொல்வாள். இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி மரியாதை கொடுத்தே கொன்றார்கள்.

காப்பு கட்டுகிற அன்றைக்கு அண்ணன் கயலைப் பார்த்துத் தயங்கி, "கட்டிக்கிறியா பாப்பா? இப்பதான் கடைசி வரைக்கும் இருக்கியே" என்றான். கயல் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. பரவால்ல."

அண்ணி தன் கையை நீட்டிக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

படுகளம் அன்றைக்கு மேகம் இறங்கி மலையே தெரியவில்லை. வயலில் படுத்த ராஜா இந்த வருஷம் நல்ல பெரிசு. ஆட்கள் ஏறி ஓடினார்கள், மேளம் அடித்தது, கூட்டம் அடங்கவில்லை. தொடையில் அடி விழுந்தது, சிவப்பு பீறிட்டது, ஓவென்று ஊரே கத்தியது. அம்மன் கூந்தல் முடிந்ததும் பொம்பளைகள் எல்லாம் ராஜா தலைமாட்டுக்கு நகர்ந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். அவரவர் வீட்டுத் துக்கத்தையும் அதில் சேர்த்துத்தான் அழுவார்கள். அண்ணியும் அங்கே இருந்தாள்.

படம் எடுத்துக்கொண்டிருந்த கயல், திடீரென்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். வட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். எப்படி உட்காருவது, எங்கே கை வைப்பது, ஒன்றும் தெரியவில்லை. நான் கூப்பிட வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். ஆனால் கட்டிப்பிடித்து அழுவது உறவுக்காரர்களோடு மட்டும்தான். விருந்தாளியை யாரும் கட்டிக்கொண்டு அழ மாட்டார்கள்.

அண்ணி திரும்பினாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் நிற்கிறவளைப் பார்த்தாள். கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, காப்பு கட்டின கையை அவள் தோளில் போட்டாள்.

"அழுடி" என்றாள்.

கயல் அழுதாள். முதலில் சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது. ராகமெல்லாம் கிடையாது, பேச்சுதான்.

"நீ கேட்டது தப்பில்லப்பா... கேட்ட விதம்தான் தப்பு. உன்னை எல்லையிலயே நிக்க வச்சாங்களே... உள்ள வுடலையே... நீயும் இந்த வூட்டுப் புள்ளைதானப்பா..."

சுற்றியிருந்தவர்கள் "ஆமாண்டி, ஆமாம்" என்று சேர்ந்துகொண்டார்கள். எந்த ராஜாவுக்கு இவள் அழுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. வயலில் படுத்தவனுக்கா, கயிற்றுப் பாலத்திலிருந்து விழுந்தவனுக்கா, வேப்பமரத்தில் கட்டிய மஞ்சள் கயிற்றுக்கா என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அண்ணியின் கை இறுகியதை நான் பார்த்தேன். கயல் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, "ஆமாண்டி கண்ணு, வூட்டுப் புள்ளைதான், வூட்டுப் புள்ளைதான்" என்று அண்ணி கத்தி அழுதாள். நானும் நின்ற இடத்திலேயே அழுதேன். மறைக்கவில்லை.

6

அழுகை முடிந்ததும் ராஜா மேல் பாய்வார்கள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெல்லில் போட்டால் வீட்டில் நெல் குறையாது. கயலும் முட்டி மோதி ஒரு கட்டியைப் பிடுங்கித் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வந்தாள். முகமெல்லாம் சேறு.

"எம்மாம் நேரம் நின்னுகினு இருப்ப? சாயந்தரம் தீமிதிக்கு ஜனம் வந்துரும். போய் அரிசியைக் களைஞ்சு போடு!" என்று அண்ணி அவள்மேல் சத்தம் போட்டாள். இத்தனை நாளில் முதல் தடவையாகத் திட்டினாள். கயல் ஓடினாள். மதியம் அவளுக்கும் நசுங்கின தட்டுதான் வந்தது. என்னைப் பார்த்து, தட்டை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

மண்ணை கார்க் வீட்டு அரிசி டப்பாவில் போடப் போகிறேன் என்றாள். மண்ணெல்லாம் ஏர்போர்ட்டில் விட மாட்டார்கள், பிடித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள் என்றேன். கயல் எழுந்துபோய் அண்ணி நெல் கொட்டி வைத்திருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்து, மண்ணை உள்ளே வைத்து, மறுபடி கட்டினாள்.

"அத்தை, இதுல எனக்கும் பங்கு இருக்குது, சொல்லிட்டேன்."

அண்ணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். பங்கு என்கிற வார்த்தை எங்கள் பக்கம் சின்ன வார்த்தை இல்லை. அண்ணிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பங்கு கேக்கறா பாருங்க! கேக்கட்டும், கேக்கட்டும். விருந்தாளி எங்கனா பங்கு கேப்பாளா?"

சொல்லிவிட்டுத் திரும்பிச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்ததை நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது கார்க்கில் மறுபடி மழைக்காலம். கயலுக்கு வேறு படம், வேறு பாடம். போன வாரம் அண்ணி வீடியோ காலில் வந்தாள். எப்போதும்போல என் எளைப்பை விசாரிக்கப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"எங்கடி உன் பொண்ணு? கூப்புடு. அறுப்பு முடிஞ்சிருச்சு. அவ பங்கு மூட்டையைத் தனியா எடுத்து வச்சிருக்கேன். எலி தின்றதுக்குள்ள வந்து தூக்கினு போவச் சொல்லு."

கயல் அடுத்த அறையிலிருந்து கத்தினாள்.

"ஆடிக்கு வரேன் அத்தை! அதுல கை வைக்காதீங்க!"